‘ஓடுகிற சர்வரைத் தொடாதே’: ஃபர்ம்வேர் விஷயத்தில் இந்த விதி எதுவரை செல்லும்?

2025 ஜூன் 25 அன்று, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா ஒரு பட்டியலில் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டையைச் சேர்த்தது. தாக்குதலுக்குப் பயன்படுவதாக உறுதியான ஓட்டைகளுக்கு மட்டுமே அந்தப் பட்டியலில் இடம் உண்டு. சேர்ந்த ஓட்டையின் எண் சிவிஇ-2024-54085. அது விண்டோஸிலோ லினக்ஸிலோ இல்லை; சர்வர் மதர்போர்டின் மேல் பற்றவைத்திருக்கும் பிஎம்சி என்ற சிறு கணினியின் ஃபர்ம்வேரில், அதாவது சிப்பிலேயே எழுதி வைத்திருக்கும் நிரலில் இருந்தது. பிஎம்சி ஓட்டை ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் தடவை.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இங்கே இயல்பாக ஒரு கேள்வி வரும்: மாதாமாதம் அப்டேட் போடுகிறோமே, இதுவும் அதிலேயே சரியாகியிருக்காதா? ஆகியிருக்காது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போடும் அப்டேட் அந்தச் சிப்பைத் தொடுவதே இல்லை. அதைத் தொட வேண்டுமானால் மதர்போர்டின் ஃபர்ம்வேரைத் தனியாக அப்டேட் செய்ய வேண்டும். அதற்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். ‘நன்றாக ஓடுகிற சர்வரைத் தொடாதே’ என்பது இந்தத் தொழிலில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அந்தப் பாடத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அது போர்டில் உள்ள எல்லா ஃபர்ம்வேருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஃபர்ம்வேர் எங்கே குடியிருக்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் பிராசஸர் விழிக்கிறது. அந்த நொடியில் அதற்கு எதுவும் தெரியாது. ரேம் எவ்வளவு மாட்டியிருக்கிறது, டிஸ்க் எங்கே இருக்கிறது, ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறதா, எதுவும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் கட்டளையை எடுத்து ஓட்ட மட்டும் தெரியும். அந்த முகவரியில் காத்திருப்பதுதான் ஃபர்ம்வேர். மதர்போர்டில் விரல் நகம் அளவுள்ள ஒரு ஃப்ளாஷ் சிப்பில் அது இருக்கிறது. சர்வர் போர்டுகளில் அந்தச் சிப்பின் கொள்ளளவு பெரும்பாலும் 16 எம்பி அல்லது 32 எம்பி. செல்போனில் எடுக்கும் நாலைந்து புகைப்படங்களின் அளவு.

டிஸ்க்கை அழித்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டாலும் இந்தச் சிப்பில் இருப்பது அப்படியேதான் இருக்கும். ஃபர்ம்வேர் ஓட்டைகள் இவ்வளவு கவலை தருவதற்கு அது ஒரு காரணம்.

ஒரு போர்டு, பல ஃபர்ம்வேர்

‘சர்வர் ஃபர்ம்வேரை அப்டேட் செய்தாச்சு’ என்று யாராவது சொன்னால், ‘எதை?’ என்று கேட்க வேண்டும். ஏனென்றால் ஒரு சர்வர் போர்டில் தனித்தனியாக எழுதப்பட்ட, தனித்தனி பதிப்பு எண் உள்ள பல ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன.

1. பயாஸ். இன்றைய போர்டுகளில் உள்ளே இருப்பது யூஈஎஃப்ஐ. பழக்கத்தில் பயாஸ் என்ற பெயரே நின்றுவிட்டது. ரேமைத் தயார் செய்வது, கார்டுகளைக் கண்டுபிடிப்பது, ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்புவது இதன் வேலை. பிராசஸரின் உள் இயக்கத்தைத் திருத்தும் மைக்ரோகோடும் இதற்குள்ளேயே வருகிறது. ஏஎம்டி போர்டுகளில் அகெசா என்று அழைக்கப்படும் ஏஎம்டியின் சொந்தத் தொகுப்பும் இதற்குள் இருக்கும்.

2. பிஎம்சி. சர்வரைத் தூரத்திலிருந்து கண்காணிக்கவும் ஆன், ஆஃப் செய்யவும் உள்ள தனிக் கணினி. இதைப் பற்றிக் கீழே விரிவாக.

3. காவல் பகுதி. இன்டெலில் சிப்செட்டில் இருக்கும் மேனேஜ்மென்ட் இன்ஜின், ஏஎம்டியில் பிராசஸருக்குள் இருக்கும் பிஎஸ்பி. பெரும்பாலும் பயாஸ் கோப்போடு சேர்ந்தே வரும்.

4. சிபிஎல்டி. எந்த மின்சாரம் எந்த வரிசையில் போர்டுக்குள் பாய வேண்டும் என்று தீர்மானிக்கும் சிப். இதை எழுதிய பிறகு பெரும்பாலும் பவர் கேபிளையே பிடுங்கி மாட்ட வேண்டியிருக்கும். போர்டு தயாரித்தவர் சொன்னாலொழிய இதைத் தொட வேண்டாம்.

5. போர்டில் மாட்டியவை. நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது), எஸ்எஸ்டி, பவர் சப்ளை என ஒவ்வொன்றுக்கும் தனி ஃபர்ம்வேர்.

மைக்ரோகோடு பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதை லினக்ஸும் விண்டோஸும்கூட பூட் ஆகும்போது பிராசஸருக்குள் ஏற்றிவிடும். அப்படி ஏற்றியது மின்சாரம் போனால் போய்விடும். அடுத்த பூட்டில் மறுபடி ஏற்ற வேண்டும். அதனால் ‘மைக்ரோகோடு அப்டேட்டுக்குப் பயாஸைத் தொட வேண்டியதில்லை’ என்று சிலர் சொல்வது பாதி உண்மை. 2025 பிப்ரவரியில் வெளிவந்த ‘என்ட்ரிசைன்’ ஓட்டை மீதிப் பாதியைக் காட்டியது. ஏஎம்டி பிராசஸர்கள் மைக்ரோகோடின் டிஜிட்டல் கையெழுத்தை (அது உண்மையானதுதான் என்று காட்டும் அடையாளத்தை) சரிபார்க்கும் முறையிலேயே பிழை இருப்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சரிபார்க்கிற இடமே பழுது என்றால் மேலிருந்து ஏற்றும் மைக்ரோகோடு போதாது. பயாஸையே மாற்ற வேண்டும்.

பிளக் மாட்டியதும் விழிக்கும் கணினி

பிஎம்சியின் விரிவு பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர். பல சர்வர் போர்டுகளில் இது தைவானின் ஆஸ்பீட் நிறுவனம் செய்யும் ஏஎஸ்டி2500, ஏஎஸ்டி2600 போன்ற சிப். உள்ளே ஏஆர்எம் பிராசஸர், அதற்கென ரேம், அதற்கென ஃப்ளாஷ், பெரும்பாலும் அதில் ஓடுவது லினக்ஸ். சர்வர் அணைந்திருந்தாலும் பவர் கேபிள் மாட்டியிருந்தால் இது விழித்தே இருக்கும். டெல் இதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஈ ஐலோ என்கிறது, லெனோவோ எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்கிறது.

இதன் கையில் இருக்கும் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம். திரையில் தெரிவதைப் பார்க்கலாம், கீபோர்டில் தட்டுவது போலத் தட்டலாம். எங்கோ இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பை சிடி போலக் காட்டி அதிலிருந்து பூட் செய்யலாம். பயாஸையே மாற்றி எழுதலாம். சர்வர் அறைக்குள் நிற்கும் ஆள் செய்யக்கூடியதில் கேபிளைப் பிடுங்குவது தவிர மற்றதெல்லாம் இதனால் முடியும்.

54085 என்ற ஓட்டை ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் என்ற பிஎம்சி ஃபர்ம்வேரில் இருந்தது. பிஎம்சியோடு பேசுவதற்கு ரெட்ஃபிஷ் என்று ஒரு பொதுமுறை 2015 முதல் இருக்கிறது. அந்த வழியில் வரும் கோரிக்கையின் தலைப்பகுதியில் ஒரு விவரத்தை மாற்றி அனுப்பினால், ‘இது உள்ளிருந்தே வந்த கோரிக்கை’ என்று பிஎம்சி நம்பிவிடும், பாஸ்வேர்டு கேட்காது. அப்புறம் புதிதாக ஓர் அட்மின் கணக்கைத் தொடங்கிக்கொள்ளலாம். எக்லிப்சியம் என்ற நிறுவனம் இதைக் கண்டுபிடித்து 2025 மார்ச்சில் வெளியிட்டது. தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து.

இங்கே ஒரு தாமதச் சங்கிலி இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏஎம்ஐ மார்ச் 11 அன்றே திருத்தத்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் ஏஎம்ஐயின் ஃபர்ம்வேர் நேராக நம் சர்வருக்கு வராது. போர்டு தயாரிக்கும் நிறுவனம் அதை வாங்கி, ஒவ்வொரு போர்டுக்கும் ஏற்றபடி சேர்த்து, சோதித்து, தன் தளத்தில் வைக்க வேண்டும். அதன் பிறகு நாம் போய் எடுத்து எழுத வேண்டும். கடைசிக் கண்ணி நாம்தான். அங்கே தானாக எதுவும் நடக்காது.

‘எங்கள் பிஎம்சி போர்ட்டில் கேபிளே மாட்டவில்லையே’ என்று சொல்பவர்களும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். சூப்பர்மைக்ரோ போர்டுகள் பலவற்றில் பிஎம்சியின் லேன் அமைப்பு ‘ஃபெயில்ஓவர்’ என்றே கடையிலிருந்து வருகிறது. தனக்கான போர்ட்டில் கேபிள் இல்லையென்றால் சர்வரின் முதல் லேன் போர்ட்டைப் பிஎம்சி பகிர்ந்துகொள்ளும். அந்த லேனில் ஐபி முகவரி தானாகக் கிடைத்தால், நமக்குத் தெரியாமலேயே பிஎம்சி அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த லேன் இணையத்துக்குத் திறந்திருந்தால் பிஎம்சியும் திறந்திருக்கிறது.

பிஎம்சிக்குள் யாராவது புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 டிசம்பரில் ஓர் உதாரணம் வந்தது. ஈரானின் அம்ன்பர்தாஸ் என்ற நிறுவனம் ‘ஐலோபிளீட்’ என்று பெயரிட்ட ஒரு தீநிரலை ஹெச்பிஈயின் ஐலோ ஃபர்ம்வேருக்குள் கண்டது. டிஸ்க்குகளைத் திரும்பத் திரும்ப அழிப்பது அதன் வேலை. யாராவது ஃபர்ம்வேரை அப்டேட் செய்தால் அது தடுத்துவிட்டு, அப்டேட் முடிந்தது என்று திரையில் காட்டி, புதிய பதிப்பு எண்ணையும் காட்டியது. அதைக் காட்டிக்கொடுத்தது லாகின் பக்கத்தின் தோற்றம். எண் புதிது, பக்கத்தின் வடிவம் பழையது.

அப்டேட் செய்யாததற்கும் ஒரு தேதி உண்டு

2019 நவம்பரில் ஹெச்பிஈ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சர்வர்களில் மாட்டும் அதன் குறிப்பிட்ட சில சாஸ் வகை எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். செத்தால் டிஸ்க்கும் திரும்பாது, அதிலிருந்த டேட்டாவும் திரும்பாது. ஹெச்பிடி8 என்ற ஃபர்ம்வேரை அதற்கு முன் எழுதிவிட்டால் பிழைக்கும்.

32,768 என்பது கணினிக்காரர்களுக்குப் பழகிய எண். இரண்டை 15 முறை பெருக்கினால் வருவது. 16 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு வைக்கும் எண் 32,767 வரைதான் போகும். அதற்கு அடுத்த மணி நேரத்தில் எண்ணுவதற்கு இடமில்லை.

ரெய்டு போட்டிருந்தால் காப்பாற்றாதா? ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் மாட்டி, ஒரே நாளில் ஆன் செய்த எட்டு டிஸ்க்குகளின் மணிக்கணக்கும் ஒன்றுதான். எட்டும் ஏறக்குறைய ஒரே வேளையில் போகும். ரெய்டு என்பது டிஸ்க்குகள் வேறுவேறு நேரத்தில் பழுதாகும் என்ற நம்பிக்கையில் கட்டியது. அடுத்த மார்ச்சிலேயே வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இரண்டாவது அறிவிப்பும் வந்தது.

‘ஓடுகிறதைத் தொடாதே’ என்று இருந்தவர்கள்தான் இதில் மாட்டியிருப்பார்கள். மணிமுள் ஓடிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது.

ஏஎம்டியின் எபிக் 7002 வரிசை பிராசஸர்களில் இதைப் போல இன்னொன்று. கடைசியாக ரீசெட் ஆகி ஏறத்தாழ 1,044 நாள் கடந்தால், சிசி6 என்ற ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போன ஒரு கோர் திரும்பி எழாமல் நிற்கலாம். இதற்குத் திருத்தம் தரப்போவதில்லை என்று ஏஎம்டி தன் பிழைப்பட்டியலிலேயே எழுதிவிட்டது. அதற்குள் ஒருமுறை ரீபூட் செய்ய வேண்டும், அல்லது அந்தத் தூக்க நிலையை நிறுத்த வேண்டும். மூன்று வருடம் ரீபூட் செய்யாததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அவசரப்பட்டதால் வந்த வினை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2018 ஜனவரி தொடக்கத்தில் பிராசஸர்களில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள் வெளிவந்தன. இன்டெல் அவசரமாக மைக்ரோகோடு கொடுத்தது. சர்வர் நிறுவனங்கள் அதைப் பயாஸில் வைத்து வெளியிட்டன. பிராட்வெல், ஹாஸ்வெல் பிராசஸர் உள்ள சர்வர்கள் காரணமில்லாமல் ரீபூட் ஆகத் தொடங்கின. ஜனவரி 22 அன்று ‘அந்தப் பதிப்பைப் போடுவதை நிறுத்துங்கள்’ என்று இன்டெலே சொல்லவேண்டி வந்தது. போட்டுவிட்டவர்கள் பழைய பயாஸுக்குத் திரும்பினார்கள்.

ஆக இரண்டு பக்கமும் அபாயம் இருக்கிறது. மூத்தவர்கள் சொன்னது மூடநம்பிக்கை இல்லை. ஃபர்ம்வேரில் பாதுகாப்பு ஓட்டை என்ற பேச்சே இல்லாத காலத்தில், எழுதும்போது மின்சாரம் போனால் போர்டு போய்விடும் என்ற காலத்தில், அது கணக்குப் போட்டு வந்த முடிவு. இப்போது கணக்கின் இரண்டு பக்கமும் மாறிவிட்டன.

எழுதும்போது சிப்புக்குள் நடப்பது

பயாஸ் இருக்கும் சிப் நார் வகை ஃப்ளாஷ். அதில் ஒரு பிட்டை 1-லிருந்து 0 ஆக்குவது எளிது. 0-வை 1 ஆக்க முடியாது. அந்த பிட் இருக்கும் பகுதி முழுவதையும் அழித்து, எல்லாவற்றையும் 1 ஆக்கிவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். கரும்பலகையில் ஓர் எழுத்தை மட்டும் திருத்த வழியில்லாமல் பலகை முழுவதையும் துடைத்து எழுதுவது போல. 4 கேபி, 64 கேபி என்று துண்டு துண்டாக அழித்து, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்துக்கொண்டே போகும். சில நிமிடங்கள் ஆகும்.

துடைத்துவிட்டு எழுதாமல் இருக்கும் அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், அடுத்த தடவை பிராசஸர் விழிக்கும்போது அந்த முகவரியில் கட்டளை இருக்காது. ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ‘பிரிக்’ ஆகிவிட்டது, செங்கல்லாகிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

இன்றைய சர்வர் போர்டுகள் பலவற்றில் இதற்கு மாற்று ஏற்பாடு உண்டு. சிலவற்றில் இரண்டு பிரதிகள். ஒன்று கெட்டால் மற்றொன்று எழும். சிலவற்றில் தனிக் காவல் சிப் ஒன்று, எழும் முன்பே ஃபர்ம்வேரின் கையெழுத்தைச் சரிபார்த்து, தவறென்றால் பத்திரப்படுத்திய பிரதியை எடுத்து வைக்கும். காப்பது, கண்டுபிடிப்பது, மீட்பது என்ற மூன்று கடமைகளை ஃபர்ம்வேருக்கு விதித்து அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2018-இல் 800-193 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பிறகு வந்த போர்டுகளில் இந்த ஏற்பாடுகளை அதிகம் பார்க்கலாம். உங்கள் போர்டில் இருக்கிறதா என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கருந்திரைப் பத்து நிமிடம்

என் கருத்தில், பயாஸ் அப்டேட்டில் மிகவும் ஆபத்தான நேரம் எழுதி முடித்த பிறகு வருகிறது. நூறு சதவீதம் காட்டியாகிவிட்டது. சர்வர் ரீபூட் ஆகிறது. திரை கறுப்பாகிறது. ஃபேன்கள் முழு வேகத்தில் இரைகின்றன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். பிங் போட்டால் பதில் இல்லை. கை தானாகப் பவர் பட்டனை நோக்கிப் போகும்.

போகக் கூடாது. பயாஸ் புதிது என்பதால் முன்பு சேமித்து வைத்த ரேம் அளவீடுகள் செல்லாது. ஒவ்வொரு ரேம் குச்சியோடும் எந்த மின்னழுத்தத்தில், எந்த நேர இடைவெளியில் பேசினால் பிழையில்லாமல் வருகிறது என்று முதலிலிருந்து அளந்து பார்க்கிறது. மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். டிடிஆர்5 ரேம் எல்லா ஸ்லாட்டிலும் நிறைந்த சர்வரில் இது பத்து நிமிடத்தை எட்டினாலும் ஆச்சரியமில்லை. நடுவில் சிப்பின் வேறு பகுதிகளை எழுதுவதற்காக ஒன்றிரண்டு முறை தானாகவே அணைந்து எழவும் செய்யும்.

பிஎம்சி இங்கே கைகொடுக்கும். அதன் பக்கத்திலேயே ‘போஸ்ட் கோடு’ என்ற இரண்டு இலக்கக் குறியீடு தெரியும். அது மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. அரை மணி நேரமாக ஒரே குறியீட்டில் நின்றால் அப்போது கவலைப்படலாம்.

எழுந்துவிட்டது, ஆனால் முன்போல இல்லை

பயாஸை எழுதும்போது அமைப்புகள் பழைய நிலைக்கு, அதாவது கடையிலிருந்து வந்த நிலைக்குப் போகலாம். ‘அமைப்புகளை வைத்துக்கொள்’ என்று டிக் செய்திருந்தாலும், புதிய பதிப்பில் பட்டியலின் வடிவம் மாறியிருந்தால் சில மதிப்புகள் தவறிப்போகும். அடிக்கடி நேர்பவை இவை:

1. டிஸ்க் கன்ட்ரோலர் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறி, ‘பூட் டிஸ்க் இல்லை’ என்று நிற்பது.

2. வர்ச்சுவலைசேஷன் அணைந்துபோவது. சர்வர் எழும், அதன் மேல் ஓடும் வர்ச்சுவல் மெஷின்கள் எழாது.

3. நெட்வொர்க் கார்டின் பெயர் மாறுவது. லினக்ஸ் இந்தப் பெயர்களைப் பெரும்பாலும் பயாஸ் சொல்லும் ஸ்லாட் விவரத்தை வைத்தே உண்டாக்குகிறது. பயாஸ் வேறு விதமாகச் சொன்னால் பெயர் மாறும். பழைய பெயருக்கு எழுதி வைத்த ஐபி அமைப்பு யாருக்கும் பொருந்தாமல் கிடக்கும். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எட்ட முடியாது. பயாஸ்தான் போய்விட்டது என்று நினைத்துப் பலர் தடுமாறுவது இங்கேதான்.

4. டிபிஎம் சாவியைக் கொடுக்க மறுப்பது. டிபிஎம் சிப், பயாஸின் அளவீட்டைப் பார்த்துத்தான் டிஸ்க்கின் பூட்டைத் திறக்கிறது. பயாஸ் மாறினால் அளவீடு மாறும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி அதே சர்வரில்தான் சேமித்திருக்கிறது என்றால் கதை முடிந்தது. அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது வழக்கம்.

5. கடிகாரம் பின்னுக்குப் போவது. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுக்கும். அதைத் தாண்டினால் லாகின் நடக்காது. பாஸ்வேர்டு தவறு போலத் தோன்றும்.

6. மின்சாரம் போய் வந்தால் தானாக எழ வேண்டும் என்ற அமைப்பு அணைந்துபோவது. இது அன்று தெரியாது. அடுத்த மின்வெட்டு அன்று தெரியும்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: அப்டேட்டுக்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது. பிஎம்சி வழியாகத் திரையைப் பார்க்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடலாம். அமைப்புகளைக் கோப்பாக எடுக்கும் வசதி இருந்தால் அதையும் எடுக்கலாம்.

செய்யும் முறை

1. போர்டின் மாடல் எண்ணையும் ரிவிஷன் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் வேறு போர்டு. பெட்டியில் இருப்பதை நம்ப வேண்டாம். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளையோ போர்டின் மேல் அச்சிட்டிருப்பதோ சொல்வதே சரி.

2. ரிலீஸ் நோட்ஸை, இப்போது இருக்கும் பதிப்பிலிருந்து போகப்போகும் பதிப்பு வரை எல்லாவற்றையும் படியுங்கள். ‘முதலில் இந்த இடைப்பதிப்பைப் போடு’ என்றும், ‘இதன் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது’ என்றும் அங்கேதான் ஒரு வரியில் எழுதியிருக்கும். இந்தப் படிப்புக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது வேலையின் ஒரு பகுதி.

3. கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்ட அங்கே கொடுத்திருக்கும் செக்சம்மோடு ஒப்பிடுங்கள்.

4. சர்வரை ஒருமுறை வெறுமனே ரீபூட் செய்து பாருங்கள். இரண்டு வருடமாக ரீபூட் ஆகாத சர்வரில் வேறு பழுதுகள் மறைந்திருக்கலாம். அவை இப்போதே வெளியே வந்தால் அப்டேட்டின் மேல் பழி விழாது. தேட வேண்டிய இடமும் தெரியும்.

5. யூபிஎஸ்ஸில் இருக்கிறதா, பேட்டரி தாங்குமா என்று பாருங்கள். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டும் வேறுவேறு வழியில் மின்சாரம் வாங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

6. ரிலீஸ் நோட்ஸ் வேறு மாதிரி சொல்லாவிட்டால் முதலில் பிஎம்சி, பிறகு பயாஸ், பிறகு கார்டுகளும் டிஸ்க்குகளும். ஒன்றை முடித்து, எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகே அடுத்தது.

7. ஒரே மாதிரி பத்து சர்வர் இருந்தால் ஒன்றில் செய்துவிட்டு ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். 2018 ஜனவரியில் இதைச் செய்தவர்களுக்கு ஒரு சர்வர்தான் ரீபூட் ஆனது.

பிஎம்சி அப்டேட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி. பல போர்டுகளில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்யலாம். பிஎம்சி மட்டும் சில நிமிடம் காணாமல் போகும், ஃபேன்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவை முழு வேகத்தில் இரையும், அப்புறம் அடங்கும். சர்வரில் ஓடும் வேலை நிற்காது. ஆபத்து அதிகமுள்ள ஃபர்ம்வேரே அப்டேட் செய்யவும் எளிதாக இருக்கும்போது அதைத் தள்ளிப்போட நியாயம் குறைவு.

எழவே இல்லை என்றால்

பிஎம்சி உயிரோடு இருக்கும்வரை பயாஸ் செத்தது பெரிய விஷயம் இல்லை. பிஎம்சிக்குப் பயாஸ் சிப்பை நேராக எழுதும் வழி இருப்பதால், அதன் பக்கத்திலிருந்தே மறுபடி எழுதலாம். சூப்பர்மைக்ரோவின் பழைய போர்டுகள் சிலவற்றில் இந்த வசதிக்குத் தனி உரிமச் சாவி வாங்க வேண்டும். அதை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. யூஎஸ்பியில் குறிப்பிட்ட பெயரில் கோப்பை வைத்தால் பயாஸின் தொடக்கப் பகுதியான பூட் பிளாக் தானாக எடுத்து எழுதும் வசதியும் பல போர்டுகளில் உண்டு.

எதுவும் நடக்கவில்லையென்றால் கடைசி வழி சிப்பையே பிடிப்பது. பவர் கேபிளை எல்லாம் கழற்றிவிட்டு, எட்டுக் கால் அல்லது பதினாறு கால் உள்ள அந்தச் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி, புரோகிராமர் என்ற சிறு கருவியால் லேப்டாப்பிலிருந்து எழுதுவார்கள். அதற்கு முன் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும்: 3.3 வோல்ட் சிப்பா, 1.8 வோல்ட் சிப்பா என்று அதிலிருந்துதான் தெரியும். மாற்றிக் கொடுத்தால் சிப் எரிந்துவிடும். எழுதும் முன் இருப்பதை முழுதாகப் படித்துச் சேமிப்பதும் கட்டாயம். போர்டின் சீரியல் எண்ணும் சில போர்டுகளில் மேக் முகவரியும் அதற்குள்ளேயே இருக்கும். தயாரிப்பாளர் தரும் பொதுக் கோப்பில் அவை இருக்காது.

எதை உடனே, எதை நிதானமாக?

பிஎம்சியில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நாள் கணக்கில் போட வேண்டும். எஸ்எஸ்டிக்கு ‘அவசரம்’ என்று குறித்த அறிவிப்பு வந்தால், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அன்றே பார்க்க வேண்டும். பயாஸை, ரிலீஸ் நோட்ஸில் நமக்குப் பொருந்தும் காரணம் இருந்தால், நாள் குறித்து, ஒரு சர்வரில் பார்த்துவிட்டுப் போட வேண்டும். பாதுகாப்புத் திருத்தமாக இருந்தால் வாரக் கணக்கில், மற்றபடி அடுத்த பராமரிப்பு நாளில். சிபிஎல்டிக்கும் பவர் சப்ளைக்கும் பழைய விதியே போதும்: சொன்னால் ஒழியத் தொட வேண்டாம்.

கையெழுத்துள்ள பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் பயன்படுத்துகிறவர்களுக்கு 2026 தனிக் காரணம். பூட் கோப்புகளின் கையெழுத்தைச் சரிபார்க்க ஃபர்ம்வேருக்குள் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அந்த ஆண்டு ஜூனிலிருந்து காலாவதியாகின்றன. லினக்ஸின் பூட் கோப்பும் அதே நிறுவனத்தின் சான்றிதழால் கையெழுத்தானதுதான். காலாவதியான அன்று சர்வர்கள் நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழ் இல்லாத போர்டுக்கு, இனி வரும் பூட் திருத்தங்கள் போய்ச் சேராது.

தயாரிப்பாளர் கைவிட்ட பழைய போர்டுகளுக்கு இந்த அட்டவணையில் இடம் இல்லை. அவற்றுக்குத் திருத்தமே வராது. அப்படிப்பட்ட சர்வர் இன்னும் வேலை செய்ய வேண்டுமென்றால், பிஎம்சியின் லேன் அமைப்பைத் தனிப் போர்ட் என்று மாற்றி, அந்தக் கேபிளை வேறு எதோடும் சேராத தனி நெட்வொர்க்கில் மாட்டி வைக்க வேண்டும்; தேவையில்லையென்றால் கேபிளையே கழற்றிவிட வேண்டும். லேன் அமைப்பை மாற்றாமல் கேபிளை மட்டும் கழற்றினால், பிஎம்சி பக்கத்துப் போர்ட்டுக்குப் போய்விடும்.